கோதுமை ஆகாதவர்களுக்கான மாதாந்த உதவி: கால்சாவில் அதைப் பெறும் வழி

சிசிலியின் பலெர்மோ நகரத் தமிழ் வீடுகளில் ஒரு பிள்ளைக்கு அடிக்கடி வயிறு ஊதினால், எடை கூடாமல் நின்றால், பெரியவர்கள் சொல்லும் கைவைத்தியம் பெரும்பாலும் ஒன்றுதான்: "பாணையும் பாஸ்தாவையும் நிப்பாட்டுங்கோ, சோத்தைக் குடுங்கோ." பல வேளைகளில் அது பலனும் தரும். பிள்ளை தேறும், வீடு நிம்மதியாகும், வைத்தியரிடம் போகும் எண்ணமும் அத்தோடு நின்றுவிடும். சில பிள்ளைகள் தங்களுக்குச் சட்டப்படி கிடைக்கவேண்டிய ஒரு பெரிய உதவியை இழப்பது இப்படித்தான்.

சீலியாக் நோய் உறுதியான ஒருவர், கோதுமை கலவாத சிறப்பு உணவுகளை வாங்குவதற்கு இத்தாலியின் பொதுச் சுகாதாரச் சேவை மாதந்தோறும் ஒரு தொகை தருகிறது. நோயைக் கண்காணிக்கும் பரிசோதனைகளுக்குக் கட்டணம் இல்லை. பள்ளி மதிய உணவில் தனித் தட்டு கேட்கும் உரிமை உண்டு. இவற்றுக்கு வருமானக் கணக்கு கேட்கப்படுவதில்லை. வீட்டு வேலைக்குப் போகும் தாயின் பிள்ளைக்கும், அவர் வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைக்கும் வயதும் பாலும் ஒன்றானால் ஒரே தொகைதான். சுகாதாரச் சேவையில் பதிவும், நோய் உறுதியானது என்ற சான்றிதழும் இருந்தால் போதும். ஆனால் சோற்றின் பின்னால் மறைந்துவிட்ட நோய்க்கு எந்த வைத்தியராலும் சான்றிதழ் எழுத முடியாது. ஆகவே எதைச் செய்வது என்பதைப் போலவே, எதை முதலில் செய்வது என்பதும் இங்கே முக்கியம்.

பலெர்மோவின் கால்சாவை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கடற்கரையோர ஃபோரோ இத்தாலிகோவுக்கும் வீயா லிங்கனுக்கும் இடையில், 1943 குண்டுவீச்சில் பெரிதும் சிதைந்து, இன்றும் பியாட்சா மஜோனேயில் அந்தக் காயத்தின் வெட்டவெளியோடு இருக்கும் பழைய பகுதி இது. தொடருந்து நிலையமும் வைத்தியசாலைகளும் நடந்துபோகும் தூரத்தில் உள்ளன. இலங்கைப் போருக்குத் தப்பி 1980களிலிருந்து பலெர்மோவுக்கு வந்த தமிழர்களில் பலர் பழைய நகரத்தின் தெருக்களில்தான் வாழ்வை அமைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இத்தாலியப் பள்ளியில் இத்தாலியச் சாப்பாடு சாப்பிட்டு வளர்கிறார்கள்.

நோயும் சட்டமும்

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிலருடைய உடலில் எதிர்ப்பைக் கிளப்பிச் சிறுகுடலின் உட்சுவரைச் சிதைக்கிறது. உணவின் சத்து உடலில் சேராமல் போகிறது. இதுவே சீலியாக் நோய். இத்தாலியர் செலியக்கீயா என்பார்கள். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45இல், நெதர்லாந்தில் பாண் கிடைக்காமல் போனபோது சீலியாக் பிள்ளைகள் தேறியதைக் குழந்தை வைத்தியர் வில்லெம் கரேல் டிக்கே கவனித்தார். கோதுமைதான் காரணம் என்பதை 1950இல் தம் ஆய்வேட்டில் நிறுவினார். இன்றுவரை இதற்கு மருந்து இல்லை. வாழ்நாள் முழுவதும் குளூட்டனை முற்றாக விலக்குவதே வைத்தியம்.

"இது வெள்ளைக்காரருடைய வருத்தம், எங்களுக்கு வராது" என்று சொல்பவர்கள் இந்தியாவில் நடந்த ஓர் ஆய்வை அறியவேண்டும். 2016இல் வெளியான அந்த ஆய்வில் வட இந்தியாவில் 100 பேருக்கு 1.23 பேரிடமும், தென்னிந்தியாவில் 100 பேருக்கு 0.10 பேரிடமும் இந்த நோய் காணப்பட்டது. நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணுக்களோ இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன. பெரிய வேறுபாடு தட்டில் இருந்தது: ஒரு நாளில் வடக்கே சராசரி 455 கிராம் கோதுமை, தெற்கே 25 கிராம். அரிசி உண்ணும் ஊரிலிருந்து வந்து, காலையில் பிஸ்கோத்தும் மதியம் பாஸ்தாவும் மாலையில் பாணும் உண்ணும் பிள்ளையின் பெற்றோர் இந்த எண்களைக் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும்.

இத்தாலியில் இந்த உதவி 1982ஆம் ஆண்டின் அமைச்சு ஆணையோடு தொடங்கியது. 2005ஆம் ஆண்டின் 123ஆம் இலக்கச் சட்டம் சீலியாக்கைச் சமூக நோயாக அறிவித்து, உணவு உதவியையும் பொது உணவுக்கூடங்களில் தனி உணவையும் உரிமையாக்கியது. 2017 ஜனவரி 12 ஆணை, அரசு கட்டாயம் வழங்கவேண்டிய சேவைகளின் பட்டியலில் அதை நாட்பட்ட நோயாகச் சேர்த்தது. 2018 ஓகஸ்ட் 10 ஆணை இன்றைய மாதத் தொகைகளை வரையறுத்தது.

படி 1: சுகாதாரப் பதிவைச் சரிபாருங்கள்

எல்லாம் தெஸ்ஸெரா சனித்தாரியா எனப்படும் சுகாதார அட்டையில் தொடங்குகிறது. அட்டையை எடுத்துக் காலாவதித் தேதியைப் பாருங்கள். வெளிநாட்டவரின் அட்டை வழக்கமாக வதிவிட அனுமதியோடு சேர்ந்தே காலாவதியாகும். அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தால் தபாலகம் தந்த ரசீதைக் காட்டிப் பதிவை நீட்டிக்கலாம். புது அனுமதி கைக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

பெரியவர்களுக்கு மெதிகோ தி பாசே எனப்படும் குடும்ப வைத்தியரும், பிள்ளைகளுக்குக் குழந்தை வைத்தியரும் பதிவாகியிருக்க வேண்டும். வதிவிட அனுமதி இல்லாத பெற்றோரின் பிள்ளைகளும் 2017 ஆணையின்படி சுகாதாரச் சேவையில் பதிவாகும் உரிமை உடையவர்கள். 1998ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத் தொகுப்பின் 35ஆம் பிரிவு, அனுமதி இல்லாதவர் வைத்தியத்துக்கு வந்ததை அதிகாரிகளுக்கு அறிவிக்கக்கூடாது என்கிறது. அந்தப் பயத்தில் பிள்ளையை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு இதைத் தயவுசெய்து எடுத்துச் சொல்லுங்கள்.

படி 2: கோதுமையை நிறுத்தாமல் வைத்தியரிடம் போங்கள்

இந்த வழிமுறையில் ஒரு படியை மட்டும் நினைவில் வைத்திருக்க முடியுமென்றால் இதை வைத்திருங்கள். சீலியாக்கைக் கண்டுபிடிக்கும் பரிசோதனைகள், உடல் குளூட்டனுக்கு எதிராகக் காட்டும் எதிர்ப்பைத்தான் அளக்கின்றன. கோதுமையை நிறுத்தினால் எதிர்ப்பு மெல்ல அடங்கும், குடலும் ஆறும், பரிசோதனை "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடும். முன்பே நிறுத்திவிட்ட பிள்ளையாக இருந்தால் அதை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். அவர் சொல்லும் அளவில், அவர் சொல்லும் காலத்துக்கு மறுபடி கோதுமை உண்டபிறகே பரிசோதிக்க முடியும். அதை வீட்டார் தாங்களாக முடிவுசெய்து தொடங்கக்கூடாது.

வயிறு மட்டுமே அறிகுறி என்று எண்ணவேண்டாம். இரும்புச்சத்து மாத்திரைக்கு அசையாத இரத்தசோகை, வளர்ச்சி தேங்குதல், வாயில் திரும்பத் திரும்பப் புண், எலும்புத் தேய்வு, காரணம் தெரியாமல் கருக்கலைதல், முழங்கையிலும் முழங்காலிலும் அரிப்போடு கொப்புளம் என்று பல வடிவங்களில் இது வரும். "உடம்பு பலவீனம்" என்று ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்கும் தமிழ்ப் பெண்கள் பலர் உண்டு. அவர்கள் ஒருமுறையாவது வைத்தியரிடம் நேராகக் கேட்கவேண்டும்: "இது செலியக்கீயாவாக இருக்குமா?"

படி 3: பரிசோதனைகள்

வைத்தியர் இம்பெஞ்ஞாத்தீவா எனப்படும் பரிந்துரைச் சீட்டை எழுதுவார். இரத்தத்தில் இரண்டு அளவுகளைப் பார்க்கவேண்டும்: டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதிக்கு எதிரான ஐஜிஏ எதிர்ப்பொருள், மொத்த ஐஜிஏ. சிலருக்குப் பிறவியிலேயே ஐஜிஏ குறைவு; அவர்களிடம் முதல் அளவு மட்டும் பார்த்தால் நோய் தப்பிவிடும். அதனால்தான் இரண்டாவதும் வேண்டும்.

சீட்டில் ஓர் அவசர எழுத்து இருக்கும். யு என்றால் 72 மணி நேரத்துக்குள், பி (B) என்றால் 10 நாளுக்குள், டி என்றால் வைத்தியரைப் பார்க்க 30 நாள், பரிசோதனைக்கு 60 நாள், திட்டமிட்டுச் செய்யலாம் என்று குறிக்கும் இன்னொரு பி (P) எழுத்துக்கு 120 நாள். எடை குறைந்துகொண்டு போகும் பிள்ளைக்குக் கடைசி வகை இடப்பட்டிருந்தால் ஏன் என்று மரியாதையோடு கேளுங்கள். கூப் எனப்படும் முன்பதிவு மையத்தில் இந்த எழுத்தைப் பார்த்தே நாள் கொடுப்பார்கள். இந்த நிலையில் பரிசோதனைக் கட்டணம் இருக்கலாம். ஆனால் 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 36,151.98 யூரோவைத் தாண்டாவிட்டால், ஈ01 என்ற விலக்கு உண்டு. வேலை, வருமான நிலையைப் பொறுத்து வேறு விலக்குகளும் உள்ளன.

இரத்தப் பரிசோதனை சந்தேகத்தை உறுதிசெய்தால் குடல்நோய் நிபுணரிடம் அனுப்புவார்கள். கால்சாவிலிருந்து பிள்ளைகளுக்கு அருகில் உள்ளது பழைய நகரத்தின் அல்பெர்கெரியாப் பகுதியின் ஓரத்தில் இருக்கும் தி கிறிஸ்தினா குழந்தைகள் வைத்தியசாலை. நிலையத்துக்கு அப்பால் பல்கலைக்கழகப் போதனா வைத்தியசாலையான பாவ்லோ ஜாக்கோனே இருக்கிறது. பெரியவர்களுக்கு வாய்வழியாக மெல்லிய குழாயை இறக்கிச் சிறுகுடலில் துளித் திசுக்களை எடுத்துப் பார்ப்பது வழக்கம். பிள்ளைகளிடம் டிரான்ஸ்குளூட்டமினேஸ் எதிர்ப்பொருள் அளவு இயல்பின் மேல் எல்லையைப்போல் 10 மடங்கோ அதற்கு மேலோ போய், மறுமுறை எடுத்த இரத்தத்தில் எண்டோமைசியம் எதிர்ப்பொருளும் தெரிந்தால், ஐரோப்பியக் குழந்தைக் குடல்நோய் வைத்தியர் சங்கத்தின் வழிகாட்டலின்படி குழாய் பரிசோதனை இல்லாமலே நோயை உறுதிசெய்யலாம். இப்படியொரு வழி இருப்பது தெரிந்தால், பயந்திருக்கும் தாய் தகப்பன் நிபுணரிடம் கேட்க ஒரு நல்ல கேள்வி கையில் இருக்கும்.

மொழிபெயர்க்கப் பிள்ளையையே அழைத்துப் போகாதீர்கள். தன் நோயைத் தானே தாய்க்கு விளக்கும் சுமை பத்து வயதுக்குரியது அல்ல. இத்தாலிய மொழி நன்றாகத் தெரிந்த ஒரு பெரியவரைக் கூட்டிச் செல்லுங்கள். வைத்தியசாலையில் மொழிபெயர்த்து உதவும் கலாசார இடையாளர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள்.

படி 4: சான்றிதழைக் கையில் வாங்குங்கள்

நோய் உறுதியானதும் வாய்ச்சொல்லோடு வீடு திரும்பக்கூடாது. சிசிலிப் பிராந்தியம் இந்த நோயை உறுதிசெய்ய அங்கீகரித்த மையத்தின் சான்றிதழே அடுத்த அலுவலகத்தில் செல்லும். தனியார் வைத்தியரின் கடிதம் மட்டும் போதாமல் போகலாம். சான்றிதழில் பெயர் கடவுச்சீட்டிலும் கோதிசே ஃபிஸ்காலே எனப்படும் வரி இலக்கத்திலும் உள்ளபடியே இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். தமிழ்ப் பெயர்களில் தகப்பன் பெயரும் சொந்தப் பெயரும் இடம் மாறிப் பதிவாவது அடிக்கடி நடக்கும். எழுதியவரிடமே திருத்துவது எளிது. பின்னர் திருத்த வேண்டுமென்றால் நாட்கள் இழுபடும். ஐந்தாறு பிரதிகள் எடுத்து, மூலத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

படி 5: ஆஸ்ப் அலுவலகத்தில் இரண்டு விண்ணப்பங்கள்

பலெர்மோ மாகாணச் சுகாதார நிறுவனத்தை ஊரில் எல்லாரும் ஆஸ்ப் என்றே சொல்வார்கள். அதன் மாவட்ட அலுவலகத்தில் இரண்டு காரியங்கள் முடியவேண்டும். ஒன்று, 059 என்ற இலக்கமுடைய கட்டண விலக்கு. இதுதான் இனி வரும் தொடர் பரிசோதனைகளைக் கட்டணமின்றிச் செய்யவைக்கும். மற்றது, சிறப்பு உணவுக்கான மாத உதவியின் அனுமதி. முதலாவதை முடித்துவிட்டு இரண்டாவதும் தானாக வரும் என்று திரும்பிவிடாதீர்கள். "எசென்ட்சியோனே" என்று விலக்கையும், "புவோனி" என்று உணவு உதவியையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை: மையத்தின் சான்றிதழ், சுகாதார அட்டை, அடையாள ஆவணம், வதிவிட அனுமதி அல்லது புதுப்பித்தல் ரசீது, பிள்ளைக்கானால் பெற்றோரின் ஆவணங்கள். படிவம் நிரப்பத் தடுமாறுபவர்கள், ஓய்வூதிய மனு எழுத வழக்கமாகப் போகும் பத்ரொனாத்தோவில் முதலில் விசாரிக்கலாம். கொடுத்த மனுவுக்குத் தேதியிட்ட ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.

படி 6: தொகையும் கடையும்

2018 ஆணையின்படி மாத எல்லை வயதையும் பாலையும் பொறுத்தது. 6 மாதம் முதல் 5 வயதுவரை 56 யூரோ; 6 முதல் 9 வயதுவரை 70 யூரோ. 10 முதல் 13 வயதில் ஆண்பிள்ளைக்கு 100, பெண்பிள்ளைக்கு 90. 14 முதல் 17 வயதில் 124, 99. 18 முதல் 59 வயதில் ஆணுக்கு 110, பெண்ணுக்கு 90. 60க்கு மேல் 89, 75. அந்தந்த வயதின் சக்தித் தேவையைக் கணக்கிட்டு இவை வகுக்கப்பட்டன. பிள்ளை 6, 10, 14, 18 வயதை எட்டும்போது தொகை மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இது கையில் கிடைக்கும் காசு அல்ல. சில பிராந்தியங்களில் தாள் பற்றுச்சீட்டாகவும், சிலவற்றில் சுகாதார அட்டையோடு ஓர் இரகசிய இலக்கமாகவும் தருகிறார்கள். மருந்தகங்களிலும், இதற்கென்றே உள்ள கடைகளிலும், ஒப்பந்தமுள்ள பேரங்காடிகளிலும் அதைச் செலவிடலாம். உதவி பிராந்தியத்தோடு கட்டப்பட்டது. மிலானோவுக்கு அல்லது ரெஜ்ஜோ எமிலியாவுக்குக் குடிபெயர்ந்தால் அங்கே மறுபடி பதியவேண்டும்.

எந்தப் பொருளுக்கு இது செல்லும்? சுகாதார அமைச்சின் தேசியப் பதிவேட்டில் உள்ள, சீலியாக் நோயாளருக்கென்றே தயாரித்த உணவுகளுக்கு: பாஸ்தா, பாண், மா, பிஸ்கோத்து, பீட்சா மாவடை போன்றவை. பொதியில் "சென்ட்ஸா குளூத்தினே" (குளூட்டன் இல்லாதது) என்பதோடு "ஸ்பெசிஃபிகாமென்தே ஃபொர்முலாத்தோ பெர் செலியாச்சி" என்ற தொடரும் இருக்கும். ஐரோப்பிய விதிப்படி முதற்சொல்லை இடவேண்டுமானால் ஒரு கிலோவில் குளூட்டன் 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது.

இயல்பிலேயே குளூட்டன் இல்லாத அரிசி, பருப்பு, காய்கறி, மீன், இறைச்சி எதற்கும் இந்தத் தொகை செல்லாது. எங்கள் வீட்டின் பெரும்பகுதிச் சாப்பாடு அரிசி என்பதால், "பிறகு எங்களுக்கு என்ன பயன்?" என்று சிலர் கேட்பது நியாயமாகத் தோன்றும். பயன் பிள்ளையின் நாளில் இருக்கிறது. பள்ளிக்குக் கொண்டுபோகும் பாண், நண்பர்களோடு உண்ணும் பிஸ்கோத்து, ஞாயிற்றுக்கிழமை பாஸ்தா எல்லாம் சாதாரண விலையைவிடப் பல மடங்கு கூடியவை. பலெர்மோவில் பிறந்து வளரும் பிள்ளை அவற்றை உண்ணாமல் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை.

படி 7: பள்ளி, கோயில், தெரு

பள்ளி உணவுக்கூடமான மென்சாவில் தனி உணவு வேண்டுமென்று சான்றிதழோடு எழுத்தில் கேளுங்கள். 2005 சட்டம் அதற்குத் துணை நிற்கிறது. மாட்டிறைச்சி வேண்டாம் என்பதுபோன்ற சமய விருப்பத்தைத் தெரிவிக்கத் தனி வழி உண்டு. அதற்கு வைத்தியச் சான்று தேவையில்லை. இரண்டும் உள்ள பிள்ளைக்கு இரண்டையும் ஒரே நாளில் கொடுத்து, சமையலறைக்கு இரண்டும் போய்ச்சேர்ந்ததா என்று உறுதிசெய்யுங்கள். வகுப்பு ஆசிரியரிடம் நேரில் பேசுவதும் அவசியம். பிறந்தநாள் கேக்கும், மாவில் உருவம் செய்யும் கைவேலையும் வருவது வகுப்பறைக்குத்தான்.

கத்தோலிக்கப் பிள்ளைகள் முதல் நன்மை வாங்கும்முன் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்தைத் திருச்சபை அனுமதிக்கிறது. கோயிலில் பிரசாதம் வாங்கும் பிள்ளைக்கு இரவைக் கேசரியும் சேமியாப் பாயசமும் கோதுமைதான் என்று சொல்லிக்கொடுங்கள். சர்க்கரைப் பொங்கல் போதும்.

தெருவில் விற்கும் பனெல்லே கடலை மாவில் செய்தது. ஆனால் அதைப் பாணுக்குள் வைத்துத் தருவார்கள், வேறு பண்டம் பொரித்த எண்ணெயிலும் பொரிப்பார்கள். அரன்சீனாவின் உள்ளே சோறு, வெளியே பாண்தூள். டிசம்பர் 13, சாந்தா லூசியா நாளில் பலெர்மோ முழுக்கப் பாணும் பாஸ்தாவும் தவிர்க்கும். அதனால் அன்று எல்லாம் பாதுகாப்பு என்று நினைத்துவிட வேண்டாம். அந்த நாளின் இனிப்பான குச்சீயா அவித்த முழுக்கோதுமை. பார்லியில் செய்யும் ஓர்சோ கோப்பியும் ஆகாது. கிரானோ சரசேனோ என்பதோ, பெயரில் கோதுமையைக் குறிக்கும் கிரானோ இருந்தாலும் கோதுமை இல்லை. குளூட்டன் இல்லாததென்று பொதியில் இருந்தால் தாராளமாக உண்ணலாம்.

படி 8: எங்கள் சமையலறை

இத்தாலிய உணவியலாளர் தரும் பட்டியலில் எங்கள் சாப்பாடு இருக்காது. ஆகவே இந்தப் பகுதியை வீட்டாரே செய்யவேண்டும். யாழ்ப்பாணத் தோசையில் உளுந்தோடு அவித்த கோதுமை மா சேர்ப்பது பல வீடுகளின் வழக்கம். புட்டிலும் இடியப்பத்திலும் அரிசிமாவோடு கோதுமை மா கலப்பார்கள். கடை அப்பத்திலும் அது இருக்கலாம். ரோல்ஸ், பற்றிஸ், கொத்துரொட்டி பற்றிச் சொல்லத் தேவையில்லை. பலர் எண்ணிப் பாராதது பெருங்காயம்: கடைத் தூளிலும் கட்டியிலும் கோதுமை மா சேர்க்கப்படுவது சாதாரணம். அப்படியானால் சாம்பாரும் இரசமும்கூட ஆகாது. சோயா சோஸிலும் கோதுமை உண்டு.

மாற்று எங்கள் கையிலேயே இருக்கிறது. சிவப்பரிசிமாப் புட்டு, அரிசியும் உளுந்தும் அரைத்த தோசை, இட்லி, குரக்கன் கூழ், ஒடியல் கூழ், கடலைமா முறுக்கு எல்லாம் இயல்பாகவே பொருந்தும். மாவை வாங்கும்போது அதே ஆலையில் கோதுமை அரைபடுகிறதா என்று பொதியைப் பாருங்கள். வீட்டிலும் அரிதட்டு, மரக்கரண்டி, தோசைக்கல், பொரிக்கும் எண்ணெய் ஆகியவை தனியாக இருக்கவேண்டும். அரிதட்டின் கண்ணில் ஒட்டிய கோதுமை மா கண்ணுக்குத் தெரியாது, குடலுக்குத் தெரியும். முடிந்தால் வீடு முழுவதும் ஒரே தோசைக்கு மாறிவிடுங்கள். தனிச் சட்டியில் தனியாகச் சமைத்துக் கொடுக்கப்படும் பிள்ளைக்கு அது மனதில் ஒரு பாரம்.

படி 9: உதவியைக் காத்துக்கொள்ளுங்கள்

குளூட்டனை நிறுத்திய பிறகு எதிர்ப்பொருள் அளவு குறைகிறதா என்று நிபுணர் சொல்லும் காலத்தில் மறுபடி பாருங்கள். 059 இலக்கம் சீட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பெற்றோரையும் உடன்பிறந்தவர்களையும் பரிசோதிப்பது அவசியம். நெருங்கிய இரத்த உறவில் இந்த நோயின் வாய்ப்பு மற்றவரைவிடப் பல மடங்கு அதிகம், அறிகுறி எதுவும் இல்லாமலும் இருக்கும். வதிவிட அனுமதி முடிய சில மாதம் முன்பே புதுப்பித்தலைத் தொடங்குங்கள். அட்டை காலாவதியானால் உணவு உதவியும் தடைப்படும்.

1979இல் தொடங்கிய இத்தாலிய சீலியாக் சங்கத்துக்குச் சிசிலியிலும் கிளை உண்டு. குளூட்டன் இல்லாத பொருட்களின் கையேடு, பயிற்சி பெற்ற உணவகங்களின் பட்டியல், குறுக்குக்கோடிட்ட கதிர்ச் சின்னம் ஆகியவை அதனுடையவை. இத்தாலி 2023இல் 130ஆம் இலக்கச் சட்டத்தால் எல்லாப் பிள்ளைகளையும் சீலியாக்குக்கும் முதல்வகை நீரிழிவுக்கும் முன்கூட்டியே பரிசோதிக்கும் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. பள்ளியிலிருந்தோ குழந்தை வைத்தியரிடமிருந்தோ அப்படி அழைப்பு வந்தால் தயங்காமல் ஒப்புதல் கொடுங்கள்.

வேறு நோய்க்கும் வேறு உணவு

இதே சட்டக் குடையின் கீழ் மற்றவர்களும் இருக்கிறார்கள். ஃபினைல்கீட்டோனூரியா போன்ற பிறவி வளர்சிதைக் கோளாறுள்ள பிள்ளைகளுக்கும், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்களுக்கும் சிறப்பு உணவு தரப்படுகிறது. எச்ஐவி உள்ள தாயின் குழந்தைக்கு 6 மாதம்வரை பால்மா கிடைக்கும். நாட்பட்ட சிறுநீரக நோயாளருக்குப் புரதம் குறைத்த உணவு தரும் ஏற்பாடு பிராந்தியத்தின் விதிகளைப் பொறுத்தது. கோதுமை உண்டால் வருத்தம் வந்தும் சீலியாக் இல்லை என்று உறுதியானவர்களுக்கு இந்த மாத உதவி கிடையாது. அவர்களும் நிபுணரின் வழிகாட்டலோடுதான் உணவை மாற்றவேண்டும்.

கால்சாவில் ஒரு குடும்பம் இந்தப் படிகளை ஏறி முடித்தால், அடுத்த குடும்பத்துக்கு வழி பாதி குறையும். எந்த அலுவலகத்தில் எந்தத் தாளைக் கேட்டார்கள், எந்தக் கடையில் எந்தப் பெருங்காயம் கோதுமை இல்லாதது என்பதெல்லாம் அவர்களிடம் இருக்கும். கோயில் மண்டபத்திலும் திருப்பலிக்குப் பின்னும் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். நோயைச் சொன்னால் பிள்ளையின் கலியாணம் கெட்டுவிடும் என்ற அச்சத்தில் மறைக்கும் வீடுகள் உண்டு. உணவால் நன்றாகக் கட்டுப்படும் நோய் இது. மறைத்தால் மட்டுமே எலும்பையும் இரத்தத்தையும் வளர்ச்சியையும் தின்னும். பிள்ளைக்கு இந்த நோய் இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் இந்த வாரமே குடும்ப வைத்தியரிடம் நாள் வாங்குங்கள். அந்த நாள்வரை பிள்ளை வழக்கம்போல் பாண் சாப்பிடட்டும்.